பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று, உங்களுக்கு?

அங்கன்வாடிப் பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ தடுப்பூசி பற்றிக் கேட்டால், "எங்க பிள்ளைங்க எல்லாருக்கும் போட்டாச்சே" என்றுதான் பதில் வரும். புதன்கிழமை கிராம சுகாதார செவிலியர் வரும்போது தாய்மார்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பவர்களே இவர்கள்தான். தங்களுக்கும் ஊசி தேவை என்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

பிள்ளைகளுக்குப் போட்டதை நம்பி இருப்பதுதான் முதல் தவறு. அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உண்டு. சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் இல்லை. காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டால்தான் உண்டு. சின்னம்மையோ, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். லேசாகக் காயும் அந்தப் பிள்ளை அப்போது ஆயா மடியில்தான் படுத்திருக்கும். வீட்டு வாசலில் வேப்பிலை செருகிய செய்தி வரும்போது காரியம் முடிந்திருக்கும். பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியா வரை போகலாம். சின்னம்மை வராதவர்கள், ஊசியும் போடாதவர்கள் நாலு முதல் எட்டு வார இடைவெளியில் 2 தவணை போட்டுக்கொள்ளுங்கள். நோய்ப்பட்ட பிள்ளையோடு பழகிவிட்டீர்களா? 3 நாளுக்குள், தாமதமானாலும் 5 நாளுக்குள் போட்டால் பெரும்பாலும் பலன் இருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இளம் ஆசிரியைகள் செய்யும் தாமதம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசியைக் கர்ப்பத்தில் போட முடியாது. சின்னம்மை ஊசியும் அப்படித்தான். போட்ட பிறகு ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும். அதனால் திருபுவனத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போகிற நாட்களிலேயே இதையும் முடித்துவிடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் தாராளமாகப் போடலாம். பழைய சீட்டு கிடைக்கவில்லையா, எம்எம்ஆரை மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை. ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் மட்டும் இந்த இரண்டு ஊசிகளுக்கும் முன்னால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஆணி குத்தியபோது போட்ட டிடி ஊசியே போதும் என்று இருப்பவர்களும் நிறைய. அதில் கக்குவான் இருமலுக்குத் தடுப்பு கிடையாது. அதையும் சேர்த்துத் தடுக்கும் ஊசியை டீடேப் என்று கேட்டு வாங்க வேண்டும். கர்ப்பிணிகள் 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால், பிறக்கும் பிள்ளைக்கும் முதல் மாதங்களில் காவல்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான ஊசி 3 தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, அப்புறம் ஆறாவது மாதம். பலர் இரண்டோடு விட்டுவிடுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்.

சத்துணவு சமையலர், உதவியாளர், வேன் ஓட்டுநர், இவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சம்பளமும் குறைவு, ஊசி விலையோ அதிகம். தனியார் பள்ளி என்றால் நிர்வாகமே செலவை ஏற்க வேண்டும். கூட்டத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள்.