பைத்தானிலிருந்து சி++: போட்டியில் புள்ளி பறிக்கும் தவறுகள்

நிரல் எழுதும் போட்டிகளில், பைத்தானில் நன்றாகக் கணக்குப் போடுகிறவர்கள் வேகத்துக்காக சி++ பக்கம் வருவது வழக்கம். ஜூனியர்களுடன் உட்கார்ந்து பயிற்சிப் போட்டி எழுதும்போது, நாங்கள் எல்லோரும் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். செமிகோலன் மறந்தது, அடைப்புக்குறி விட்டது எல்லாம் இங்கே வராது. அவற்றை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே பிடித்துவிடும். அது வாய் திறக்காத இடங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

இடப்பக்கம் லாங் லாங், வலப்பக்கம் இன்ட்

பைத்தானில் முழு எண்ணுக்கு உச்சவரம்பே கிடையாது. சி++-இல் முழு எண்ணை வைக்கும் இன்ட் வகை போட்டித் தளங்களில் 32 பிட், 2147483647-ஐத் தாண்டாது. லாங் லாங் வகை 64 பிட், அதைவிடப் பெரிய எண்களையும் தாங்கும். இது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் விழுகிறார்கள்.

போன மாதம் ஒரு மாணவி ஜோடிகளை எண்ணும் கணக்கு ஒன்றைப் போட்டாள். எண்ணிக்கை n என்றால், n-ஐயும் n மைனஸ் ஒன்றையும் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். மாதிரி உள்ளீடு சரியாக வந்தது. சமர்ப்பித்தால் ராங் ஆன்சர். "லாங் லாங்தான் போட்டிருக்கேன் அண்ணா" என்றாள். உண்மைதான், விடையை வைக்கும் மாறி லாங் லாங். ஆனால் n இன்ட். பெருக்கல் இன்ட்டிலேயே நடந்து, நிரம்பி வழிந்து, அந்தக் குப்பைதான் லாங் லாங்குக்குள் போகிறது. இடப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பெருக்கல் பார்ப்பதே இல்லை. n 100000 என்றால் வரவேண்டியது 4999950000. பெரும்பாலும் வருவது 704982704. மைனஸ் குறிகூட இல்லாததால் சந்தேகமே எழாது. அவள் சரியான அல்காரிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எழுதத் தொடங்கினாள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்: சரியாக யோசித்தவர் தன் யோசனையையே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கான ஐசிபிசி போட்டியின் விதியில், பிறகு சரியாக முடித்தாலும் ஒவ்வொரு தவறான சமர்ப்பிப்புக்கும் 20 நிமிடம் அபராதம் சேரும்.

இதே தவறு வேறு வேஷத்திலும் வரும். கூட்டுத்தொகை எடுக்கும் அக்யூமுலேட்டில் தொடக்க மதிப்பாக வெறும் 0 கொடுத்தால், வெக்டர் (பைத்தான் லிஸ்ட் போன்றது) லாங் லாங் ஆக இருந்தாலும் கூட்டுத்தொகை இன்ட்டில்தான் வைக்கப்படும். 1-ஐ 40 இடம் இடப்பக்கம் நகர்த்தினாலும் இதே கதி. 1000000007-ஆல் மீதி எடுக்கும் கணக்கில், அதாவது மாடில், இரண்டு இன்ட்களைப் பெருக்கும்போது மீதி எடுப்பதற்கு முன்பே வழிந்துவிடும். குறைந்த தூரப் பாதையைத் தேடும் டைக்ஸ்ட்ராவில் முடிவிலியாக இன்ட்டின் உச்ச எண்ணை வைத்து அதோடு தூரத்தைக் கூட்டுவதும் இதில் சேர்த்தி.

வழி இருக்கிறது. வீட்டில் ஓட்டும்போது ஜிசிசி கம்பைலரில், இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்கும் அன்டிஃபைன்ட் சானிட்டைசரை (-fsanitize=undefined) இயக்கி, கேள்வி அனுமதிக்கும் மிகப் பெரிய உள்ளீட்டைக் கொடுங்கள். வழிந்த வரியை அதுவே காட்டும், அக்யூமுலேட் வகையை மட்டும் காட்டாது. எல்லா இன்ட்டையும் மேக்ரோவால் லாங் லாங்காக மாற்றுகிறவர்களும் உண்டு. நினைவகம் இரட்டிப்பாகும் என்றாலும் போட்டிக்குள் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

வெக்டரை அப்படியே ஃபங்ஷனுக்குக் கொடுப்பது

பைத்தானில் லிஸ்ட்டைக் கொடுத்தால் அதே லிஸ்ட் போகும். இங்கே முழு நகல் எடுக்கப்படும். கிராஃபை ஆழமாகத் துழாவும் டிஎஃப்எஸ் ஒவ்வொரு முறை தன்னையே அழைக்கும்போதும் கிராஃப் முழுவதும் நகலானால் டைம் லிமிட் எப்படித் தாங்கும்? ஃபங்ஷனின் பாராமீட்டரில் ஆம்பர்சண்ட் (&) போடுங்கள், நகல் இல்லாமல் அசலே போகும்.

மைனஸ் எண்ணின் மீதி

-7-ஐ 3-ஆல் வகுத்த மீதியைப் பைத்தான் 2 என்னும், சி++ -1 என்னும். மாடில் கழித்த பிறகு மாடைக் கூட்டி, மறுபடி மீதி எடுங்கள்.

காலி வெக்டரின் சைஸில் ஒன்று கழிப்பது

சைஸ் மைனஸ் எண்ணை ஏற்காத வகை, அதனால் -1-க்குப் பதில் 64 பிட்டில் 18446744073709551615 வரும். முதலில் இன்ட் ஆக்குங்கள்.

எண்ட்எல்

லூப்புக்குள் வேண்டாம். வரி முடிக்கும் ஒவ்வொரு முறையும் வெளியீட்டை உடனே வெளியே தள்ளி நேரத்தைத் தின்னும்.

புதுக் கணக்கில் புது மொழியைப் பழகுவது

தப்பு வந்தால் யோசனையிலா மொழியிலா என்று தெரியாது. பைத்தானில் ஏற்கெனவே அக்செப்ட் ஆன பழைய கணக்குகளை எடுத்து சி++-இல் மறுபடி எழுதுங்கள். அப்புறம் ராங் ஆன்சர் வந்தால் அல்காரிதத்தை விட்டுவிட்டு நேராக டைப்புகளைப் பார்க்கலாம்.