கோடையில் நானோ மெம்பரேன் நன்றாக இருக்கிறதா? வெப்பநிலைக் கணக்கு, படிப்படியாக

மதுரை ஆனையூரில் எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க ஒரு சின்ன நானோ ஃபில்ட்ரேஷன் பிளாண்ட் ஓடுகிறது; மிக நுண்ணிய துளைகள் உள்ள சவ்வு (மெம்பரேன்) வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் அமைப்பு அது. சித்திரை பிறந்ததும் வடிகட்டி வெளிவரும் நல்ல தண்ணீரின் அளவு ஏறியது, கூடவே டி.டி.எஸ்.ஸும் (அதில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) ஏறியது. சர்வீஸுக்கு வந்தவர், "மெம்பரேன் கிழிஞ்சிருச்சு சார், மாத்திருங்க" என்றார். மாற்றவில்லை. கீழே சொல்லும் கணக்கைப் போட்டதும் விஷயம் விளங்கிவிட்டது.

தண்ணீர் சூடானால் அதன் பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் குணம், குறையும். 20 டிகிரியில் இருப்பது 40 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் அதே பிரஷரில் டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம் கூடுதல் தண்ணீர் மெம்பரேனைத் தாண்டி வரும். உப்புக் கசிவும் கூடும்.

முதலில் வெப்பநிலை. மெம்பரேனுக்குள் நுழையும் குழாயில், பிளாண்ட் ஓடிக் கால் மணி நேரம் ஆன பிறகு தண்ணீர் பிடித்து அளந்து பாருங்கள். மொட்டை மாடி டேங்கில் அளப்பதில் பயனில்லை. உலோக முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். குழாய்மேல் அடித்துப் பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நான் நம்புவதில்லை. பளபளக்கும் ஸ்டீல் குழாயில் அது தப்பாகவே காட்டும்.

அடுத்து ஃப்ளோ மீட்டரில் நல்ல தண்ணீரின் அளவையும், கேஜில் பிரஷரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பிரஷரில்தான் எடுக்க வேண்டும்.

இனிதான் பலரும் தடுமாறும் இடம். கம்பெனிகள் மெம்பரேனின் கொள்ளளவை 25 டிகிரிக்குத்தான் சொல்கின்றன. நம் அளவையும் 25-க்குக் கொண்டுவர வேண்டும். பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகையால் ஆன மெம்பரேனுக்கு நான் வைத்திருக்கும் எண்கள்: 20 டிகிரிக்கு 0.84, 25-க்கு 1, 30-க்கு 1.16, 35-க்கு 1.33, 40-க்கு 1.53. அளந்த லிட்டரை இந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஆனால் சில கம்பெனிகளின் அட்டவணையில் இதே எண் தலைகீழாக இருக்கும்; அங்கே பெருக்க வேண்டும். எது என்று குழம்பினால் விடையைப் பாருங்கள். தண்ணீர் 25-ஐவிடச் சூடாக இருந்தால், விடை அளந்ததைவிடக் குறைவாகத்தான் வர வேண்டும். கூடுதலாக வந்தால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

35 டிகிரியில் மணிக்கு 800 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.33-ஆல் வகுத்தால் சுமார் 600. புதிதில் 25 டிகிரிக்கு 620 வந்திருந்தால் மெம்பரேன் நலம். புதிதில் 700 வந்திருந்தால்? 14 சதவீதம் குறைந்துவிட்டது, அடைப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 10 முதல் 15 சதவீதம் குறைந்தாலே கழுவச் சொல்வார்கள். கோடை வெப்பம் இந்த அடைப்பை அப்படியே மறைத்துவிடும். மார்கழிக் காலையில் தண்ணீர் சொட்டும்போதுதான் தெரியவரும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

டி.டி.எஸ்.ஸை மட்டும் வைத்து நானோ மெம்பரேனை எடைபோடாதீர்கள். சோடியம், குளோரைடை அது ஓரளவு விட்டுவிடும். கால்சியம், மக்னீசியம், சல்ஃபேட்டைத்தான் இறுக்கிப் பிடிக்கும். அதனால் சொட்டு மருந்து கிட்டில் கடினத்தன்மையைப் பாருங்கள். சொட்டுவிட விட ஒயின் சிவப்பு நீலமாக மாறும். எத்தனையாவது சொட்டில் மாறியது என்பதே கணக்கு. டி.டி.எஸ். மீட்டர் வாங்கினால் வெப்பநிலையைத் தானே சரிசெய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பிற்சேர்க்கை: மேலூரிலிருந்து ஒருவர், மாடியில் கறுப்பு டேங்க், மதியம் குழாயில் கையே வைக்க முடியவில்லை, ஓட்டலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். பெரும்பாலான பாலிஅமைடு மெம்பரேன்களுக்கு 45 டிகிரிதான் எல்லை. அதற்குக் கீழே இருந்தாலும், சூட்டில் சுண்ணாம்பு எளிதில் படியும். போரிலிருந்து நேராக வரும் தண்ணீரின் வெப்பம் வருடம் முழுக்க அதிகம் மாறாது. முடிந்தால் அதையே கொடுங்கள். இல்லையென்றால் டேங்குக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே கீற்றுப் பந்தல் போட்டு, விடியற்காலையில் ஓட்டி முடித்துவிடுங்கள்.