இளம் பிட்சரை எடுப்பதும் வளர்ப்பதும்: டிராஃப்ட் மேசையிலிருந்து மேஜர் லீக் மவுண்ட் வரை

கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை நீட்டி எறிந்தால் நோ பால். பேஸ்பாலில் பிட்சரின் (பந்து எறிபவரின்) வேலையே அப்படி எறிவதுதான். மடங்கிய கை முன்னால் பாயும் கணத்தில், முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சிறு தசைநார் பெரும் சுமையைத் தாங்குகிறது. அது கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. அதோடு ஓராண்டுக்கு மேல் போய்விடும். ஒரு பிட்சரை எடுப்பது, பணம் பேசுவது, வளர்ப்பது எல்லாமே அந்தத் தசைநாரைச் சுற்றித்தான் நடக்கின்றன.

டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒருவரை எடுப்பதற்கு முன் அணி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் பயிற்சியாளர்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்க வருகிறது, எது வரவில்லை? நிறைய அணிகள் இதை எழுதி வைப்பதில்லை. அதனால் ரேடார் கருவியில் பெரிய எண் தெரிந்த பையனை எடுத்துவிட்டு, ஸ்ட்ரைக் (மட்டைக்காரர் அடிக்கக்கூடிய கட்டத்துக்குள் வரும் பந்து) வீசக் கற்றுக்கொடுக்க ஐந்து வருடம் திண்டாடுகின்றன. கிளீவ்லாந்து இதைத் தலைகீழாகச் செய்தது. கல்லூரியில் சுத்தமான வீச்சுமுறையும் குறி தவறாத கையும் உள்ளவர்களை நடுச்சுற்றுகளில் எடுத்து, வேகத்தைத் தங்கள் கூடத்தில் ஏற்றிக்கொண்டது. ஷேன் பீபர் 2016இல் நான்காம் சுற்று, 2020இல் சை யங் விருது (லீகின் சிறந்த பிட்சருக்கு). டானர் பைபீ 2021இல் ஐந்தாம் சுற்று, 2023இல் மேஜர் லீக் (தொழில்முறை பேஸ்பாலின் உச்ச நிலை). 2021இல் அந்த அணி எடுத்த 21 பேரில் 19 பேர் பிட்சர்கள். உடம்பு வளர இடமிருந்தால் வேகத்தைக் கூட்டலாம். குறியைக் கூட்டுவது அதைவிட மிகக் கடினம்.

யாரை எடுக்கலாம்

டிராஃப்டுக்குள் வருவது அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ போன்ற அமெரிக்க ஆட்சிப்பகுதி ஆட்டக்காரர்கள் மட்டும். பள்ளிப் படிப்பை முடித்தவர், ஜூனியர் கல்லூரியில் படிப்பவர், நான்காண்டுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்தவர் அல்லது 21 வயதானவர் தகுதி பெறுவார்கள். டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா பையன்கள் இதில் இல்லை. அவர்களோடு 16 வயதிலேயே தனி ஒப்பந்தம் நடக்கும். டிராஃப்ட் ஜூலையில் 20 சுற்றுகள். 2023இலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல்.

பள்ளிப் பையன்களில் வலது கைப் பிட்சர் மிக ஆபத்தான வகை. 1965இல் டிராஃப்ட் தொடங்கியதிலிருந்து பள்ளியிலிருந்து நேராக முதலிடத்தில் போன பிட்சர்கள் மூவர்தான், மூவரும் இடது கை: 1973இல் டேவிட் கிளைட், 1991இல் பிரையன் டெய்லர், 2014இல் பிராடி ஐக்கன். கிளைடை டெக்சாஸ் அணி பதினெட்டு வயதில், மைனர் லீகில் (கீழ்நிலைப் பயிற்சி லீகுகளில்) ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் மேஜர் லீகில் இறக்கியது. கூட்டம் வந்தது, டிக்கெட் விற்றது, அவருடைய ஆட்டவாழ்வு 18 வெற்றி, 33 தோல்வியோடு முடிந்தது. டெய்லர் தோளைக் காயப்படுத்திக்கொண்டு மேஜர் லீகையே பார்க்கவில்லை.

ஸ்கவுட் (திறமை தேடுபவர்) மைதானத்தில் பார்க்க வேண்டியது

ஆட்டம் தொடங்கிய பின் போனால் பாதி விஷயம் போயிற்று. பிட்சர் உடம்பைச் சூடாக்கும்போதே போய் நின்று, தூர வீச்சில் கை எவ்வளவு இலகுவாக வருகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு இன்னிங்ஸ் கேட்சருக்கு (பந்தைப் பிடிப்பவருக்கு) பின்னால் ரேடாரோடு இருங்கள். பிறகு வலது கைக்காரர் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் நகருங்கள். அவர் மார்பு உங்களைப் பார்த்திருக்கும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கையின் பாதை தெரியும். முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் வீசும் கை மேலே எழுந்திருக்க வேண்டும். அப்போதும் அது கீழேயே இருந்தால் உடம்பு முன்னே போய்விடும், கை பின்னாலிருந்து ஓடிவந்து பிடிக்கும், சுமை முழங்கையில் விழும்.

முதல் இன்னிங்ஸ் வேகத்தை எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். நீங்கள் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸைக் குறியுங்கள். மணிக்கு 96 மைலில் தொடங்கி 91க்கு விழுகிறவர் பெரும்பாலும் கடைசியில் ரிலீவராகத்தான் (ஆட்ட நடுவில் வந்து கொஞ்சம் வீசுபவராகத்தான்) ஆவார். மதிப்பெண் 20இலிருந்து 80 வரை, 50 என்றால் மேஜர் லீக் சராசரி. இன்றைய தரம், எதிர்காலத் தரம் என இரண்டாகப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதும் அறிக்கையால் பயனில்லை.

கல்லூரிப் பிட்சரைப் பற்றி இரண்டு விஷயங்கள் எளிதில் மறந்துபோகும். அவர் வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுகிறார், ஐந்து, ஆறு நாள் இடைவெளியில் கை மீளுமா என்பது இன்னும் தெரியாது. பல கல்லூரிகளில் எந்தப் பந்து வீசுவது என்பதைப் பயிற்சியாளர் வெளியிலிருந்து சொல்கிறார். ஆகவே புள்ளிவிவரம் அழகாக இருக்கலாம், அதற்குப் பின்னால் இருக்கும் மூளை அவருடையதாக இல்லாமல் இருக்கலாம்.

பள்ளிப் பையனிடம் கேட்க வேண்டியது, போன வருடம் எத்தனை மாதம் வீசாமல் இருந்தான் என்பது. மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 17–18 வயதில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 105 பந்து. 81 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, 61–80 என்றால் மூன்று, 46–60 என்றால் இரண்டு, 31–45 என்றால் ஒன்று. ஆண்டில் நான்கு மாதம் போட்டியில் வீசக்கூடாது, அதில் தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் கையைத் தலைக்கு மேல் தூக்கி எறியவே கூடாது. ஆண்டு முழுக்கக் கண்காட்சி ஆட்டங்களில் சுற்றிய பையனின் கையை ஓடித் தேய்ந்த டயர் என்றே கணக்கிடுங்கள்.

பணம்

முதல் பத்துச் சுற்றுகளின் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் நிர்ணயித்த ஒரு ஸ்லாட் தொகை உண்டு. அவற்றைக் கூட்டினால் வருவது அணியின் போனஸ் குளம், அதாவது புதியவர்களின் கையெழுத்துப் பணத்துக்கான வரம்பு. அதை 5 சதவீதம் வரை தாண்டினால், தாண்டிய தொகைக்கு 75 சதவீத வரி. 5 சதவீதத்துக்கு மேல் போனால் வரியோடு அடுத்த ஆண்டின் முதல் சுற்றும் போய்விடும். குளம் 1 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1 கோடியே 4 லட்சம் செலவழித்தால் வரி 3 லட்சம், அது தாங்கும். 1 கோடியே 5 லட்சத்தைத் தாண்டிய முதல் டாலரே முதல் சுற்றை விழுங்கும். 11 முதல் 20 வரையான சுற்றுகளில் 1,50,000 டாலர் வரை குளத்தில் சேராது, மேற்பட்டது சேரும்.

இங்கேதான் வித்தை. ஒன்பதாம், பத்தாம் சுற்றுகளில் படிப்பு முடிந்து பேரம் பேச வலுவில்லாத கல்லூரி மாணவர்களைச் சில ஆயிரம் டாலருக்கு எடுத்து, மிச்சத்தை மூன்றாம் சுற்றுக்குப் பிறகு வரும் ஒரு பள்ளிப் பிட்சருக்குக் கொடுத்து, அவரைக் கல்லூரிக்குப் போகவிடாமல் இழுப்பார்கள். ஆனால் கையெழுத்துப் போடாதவரின் ஸ்லாட் தொகை குளத்திலிருந்தே கழிந்துவிடும். 2014இல் ஹியூஸ்டனுக்கு நேர்ந்தது இதுதான். முதலிடத்தில் எடுத்த ஐக்கனின் முழங்கைத் தசைநாரில் மருத்துவப் பரிசோதனையில் சந்தேகம் எழ, தொகையைக் குறைத்தார்கள், அவர் போய்விட்டார். அவரோடு அவர் ஸ்லாட் தொகையும் போனதால், ஐந்தாம் சுற்றில் ஏற்கெனவே பேசி முடித்திருந்த ஜேக்கப் நிக்ஸுக்குக் கொடுக்கப் பணமில்லை. அடுத்த ஆண்டு ஈடாகக் கிடைத்த இரண்டாம் இடத்தில் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார் என்பது ஹியூஸ்டனின் அதிர்ஷ்டம். ஐக்கனுக்கு 2015இல் அதே முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது.

ஆகவே டிராஃப்டுக்கு முன்பே தோள், முழங்கை எம்ஆர்ஐ படத்தைப் பாருங்கள். இன்றைய விதிப்படி, முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் முன்கூட்டியே பரிசோதனைக்கு உடன்பட்டிருந்தால், அவருக்கு ஸ்லாட்டில் குறைந்தது 75 சதவீதம் உறுதி. பின்னால் மருத்துவக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. இன்னொரு பக்கம், அறுவை சிகிச்சை முடிந்த கை மலிவாகக் கிடைக்கும். ஸ்பென்சர் ஸ்டிரைடர் (2020, நான்காம் சுற்று), டாரிக் ஸ்கூபல் (2018, ஒன்பதாம் சுற்று) இருவரும் கல்லூரியிலேயே டாமி ஜான் முடித்து வந்தவர்கள். ஸ்கூபல் 2024, 2025 இரண்டு ஆண்டும் சை யங் வாங்கினார்.

முதல் கோடையும் முதல் குளிர்காலமும்

ஜூலையில் கையெழுத்துப் போடும் கல்லூரிப் பிட்சர் பிப்ரவரியிலிருந்து வீசிக்கொண்டிருக்கிறார். அவரை உடனே ஆட்டத்தில் இறக்குவது ஆசைக்கு நல்லது, கைக்குக் கெடுதல். 2023இல் முதலிடத்தில் 92 லட்சம் டாலருக்கு வந்த பால் ஸ்கீன்ஸ் அந்த ஆண்டு கல்லூரியில் 122 இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருந்தார். பிட்ஸ்பர்க் அந்தக் கோடையில் அவருக்குக் கொடுத்தது ஏழு இன்னிங்ஸுக்கும் குறைவு. மறு ஆண்டு டிரிபிள்-ஏயில் (மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே) குறுகிய ஆட்டங்களில் தொடங்கி, மெல்ல நீட்டி, மே 11இல் மேஜர் லீகில் இறக்கினார்கள்.

இந்த இடைவெளியில் அளவெடுங்கள்: தோள் உள்ளும் புறமும் சுழலும் கோணம், இடுப்பின் நெகிழ்வு, எடை, தரையை அழுத்தும் விசை, உடல் அசைவின் முப்பரிமாணப் பதிவு. பிறகு முழு ஓய்வு. அதன்பின் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கையை ஏற்ற வேண்டும். முதலில் குறுகிய தூரம், பிறகு தூர வீச்சு, பிறகு மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேட்டில்) மெதுவாக 15 பந்து, கடைசியில் முழு வேகம். அவசரத்தில் சுருக்கப்படுவது எப்போதும் இந்த வாரங்கள்தான். வசந்தகாலக் காயங்களில் நிறைய இங்கிருந்து கிளம்புகின்றன.

வேகம் கூட்டுவதில் பாதி வேலை சாப்பாடும் பளுப் பயிற்சியும். மீதி சுவரில் எறியும் மென்பந்துகள் (2 கிலோவிலிருந்து 100 கிராம் வரை), எடை மாற்றிய பந்துகள். ஆட்டப் பந்து 142 முதல் 149 கிராம். கனமான பந்து கையின் பாதையைச் சீராக்கவும், லேசான பந்து கையை வேகமாக்கவும் பயன்படுகின்றன. இதில் அளவு மிக முக்கியம். 13–18 வயதினரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆறு வார ஆய்வு ஒன்றில், எடைப் பந்து வீசியவர்களின் வேகம் சராசரியாக 3.3 சதவீதம் கூடியது, அவர்களில் 24 சதவீதம் பேர் காயமும் பட்டார்கள். தோள் பின்னோக்கி அதிகமாகச் சுழலத் தொடங்கி, அதைத் தாங்கும் தசை வளராவிட்டால் இதுதான் நடக்கும். வாரம் இரண்டு கடும் நாளுக்கு மேல் வைக்காதீர்கள், தோள் கோணத்தை வாராவாரம் அளந்துகொண்டே இருங்கள்.

பந்து வகைகளை வடிவமைத்தல்

பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் ராப்சோடோ அல்லது டிராக்மேன் கருவி, நொடிக்கு ஆயிரம் படங்களாவது எடுக்கும் கேமரா, ஒரு அமர்வுக்கு 20–25 பந்து. இதற்கு மேல் களைப்புதான் பதிவாகும். ஃபாஸ்ட்பால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,300 சுற்று சுற்றுவது சராசரி. பின்சுழற்சியால் அது ஈர்ப்பை எதிர்த்து எவ்வளவு விழாமல் நிற்கிறது என்பது அதைவிட முக்கியம்: 16 அங்குலம் சாதாரணம், 18க்கு மேல் போனால் மட்டைக்காரர் பந்துக்கு அடியில் மட்டையைச் சுழற்றித் தவறவிடுவார்.

கை இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கதவுப் பிடியைத் திருகுவதுபோல் வெளிப்பக்கம் திரும்பும் கைக்கு ஸ்லைடரும் ஸ்வீப்பரும் (பக்கவாட்டில் விலகும் பந்துகள்) சுலபம், சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால்போல் தோன்றி மெதுவாக வரும் பந்து) வராது. உள்பக்கம் திரும்பும் கைக்கு நேர்மாறு. வராத பந்தைத் திணித்து ஒரு சீசனை வீணாக்குவது பழைய பயிற்சியாளர்களின் பெரும்பிழை. வெளிப்பக்கக் கைக்காரருக்கு நடுவிரலைக் குத்தி வைத்துப் பிடிக்கும் கிக் சேஞ்ச் என்ற வழி இப்போது இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு புதிய பந்து போதும். இரண்டைச் சேர்த்தால் பழைய ஃபாஸ்ட்பாலின் குறி கலையும், எதனால் கலைந்தது என்றும் தெரியாது.

படிகளும் எச்சரிக்கைகளும்

மைனர் லீகின் படிகள், கீழிருந்து மேலே: பயிற்சி வளாகம், சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. கீழ்ப் படிகளில் ரன் சராசரியை நம்பாதீர்கள், பின்னால் நிற்கும் ஃபீல்டர்களும் பையன்கள்தான். ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்குவது) சதவீதத்திலிருந்து வாக் (நான்கு பந்து குறி தவறி முதல் பேஸைத் தருவது) சதவீதத்தைக் கழியுங்கள். 20ஐத் தொட்டால் அடுத்த படிக்கு அனுப்பலாம். வெறும் வேகத்தால் தப்பிக்க முடியாத இடம் டபுள்-ஏ, வடிகட்டல் அங்கேதான் நடக்கும். டிரிபிள்-ஏயில் 2019 முதல் மேஜர் லீக் பந்து புழக்கத்தில் இருப்பதால் சிலரின் சுழல் மாறிப்போகும், பதறாமல் ஒரு மாதம் கொடுங்கள்.

ஆட்டத்தின் மொத்தப் பந்துகளைவிட ஒரே இன்னிங்ஸில் வீசியவை அதிகம் தேய்க்கும். ஒரு இன்னிங்ஸ் 30 பந்தை நெருங்கினால் பிட்சரை மாற்றிவிடுங்கள். வேகம் திடீரென இரண்டு மைல் குறைவது, பந்தை விடும் உயரம் இறங்குவது, முன்னங்கையைத் தேய்த்துக்கொள்வது, பந்துகளுக்கு நடுவே நேரம் எடுப்பது: இவற்றில் இரண்டு சேர்ந்தால் அன்றே நிறுத்தி எம்ஆர்ஐ எடுங்கள். வலிக்கிறதா என்று கேட்டால் இருபது வயதுக்காரன் இல்லை என்றுதான் சொல்வான். அறுவை சிகிச்சை ஆனால் மெல்ல எறியத் தொடங்கவே நான்கைந்து மாதம், ஆட்டத்துக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம்.

ஸ்டார்ட்டரா (ஆட்டத்தைத் தொடங்குபவரா), ரிலீவரா என்ற முடிவைத் தள்ளிப்போடுங்கள். மூன்றாவது பந்து வகை டபுள்-ஏயிலும் வரவில்லை என்றால் மாற்றலாம். பொறுமைக்கு ஓர் உதாரணம்: ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). 2010இல் ஒன்பதாம் சுற்று, அதே ஆண்டு டாமி ஜான், மேஜர் லீகுக்கு வந்தது 2014இல்.

நாட்காட்டியும் ஒரு எதிரி. 18 வயதிலோ அதற்கு முன்போ கையெழுத்திட்டவரை ஐந்து சீசனுக்குள், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்குக்குள், அணியின் மேஜர் லீக் 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால், ரூல் 5 டிராஃப்டில் (பட்டியலில் இல்லாதவர்களை மற்ற அணிகள் எடுக்கும் தனி டிராஃப்ட்) வேறு அணி தூக்கிக்கொள்ளலாம். ஹியூஸ்டன் 1999இல் யோஹான் சாந்தனாவை இப்படித்தான் விட்டது. அவர் மினசோட்டாவுக்குப் போய் 2004, 2006இல் சை யங் வாங்கினார். பட்டியலில் சேர்த்த பின் மைனருக்குத் திருப்பி அனுப்பப் பொதுவாக மூன்று ஆண்டு அனுமதி, ஓர் ஆண்டுக்குள் ஐந்து முறைக்கு மேல் கூடாது. அறுவை சிகிச்சையில் படுத்திருக்கும் மாதங்களிலும் ரூல் 5 கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு பிட்சரின் கோப்பின் முதல் பக்கத்திலும் அந்தத் தேதியைச் சிவப்பில் எழுதி வையுங்கள்.