லிங்க் இருக்கிறது, பாக்கெட் வரவில்லை

பழைய பிசிஐ நெட்வொர்க் கார்டு ஒன்றின் லினக்ஸ் டிரைவரைப் புது போர்டில் ஓட்டும்போது வந்த சிக்கல் இது. டிரைவர் ஏறியது, லிங்க் வந்தது, மேக் முகவரிகூடச் சரியாகத் தெரிந்தது. ஆனால் பாக்கெட் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் 'டிரான்ஸ்மிட் டைம்அவுட்' என்று கெர்னல் புலம்ப ஆரம்பித்தது.

ரெஜிஸ்டரைப் படிக்க முடிகிறது என்றால் சிபியு கார்டோடு பேசுகிறது. கார்டு மெமரியோடு பேசுகிறதா? பாக்கெட்டுகளுக்கான இடம் மெமரியில் எங்கே என்று கார்டுக்குச் சொல்லும் பட்டியலான டிஸ்கிரிப்டர் ரிங்கைப் பார்த்தேன். 'இது கார்டுக்குச் சொந்தம்' என்று டிரைவர் வைத்த பிட் எல்லாவற்றிலும் அப்படியே கிடந்தது; கார்டு வேலையை முடித்திருந்தால் அது மாறியிருக்கும். டிஎம்ஏ, அதாவது கார்டே நேராக மெமரியில் படித்து எழுதுவது, நடக்கவே இல்லை.

பிசிஐ கார்டுகளின் நிலையைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை விவரமாக ஓடவிட்டால், பஸ்மாஸ்டர் (கார்டு தானே மெமரியைத் தொடுவதற்கான அனுமதி) பக்கத்தில் கழித்தல் குறி, அதாவது அணைந்திருக்கிறது! கார்டின் கமாண்ட் ரெஜிஸ்டரில் பிட் 0 (ஐஓ), 1 (மெமரி) இரண்டும் ஏறியிருக்க, பிட் 2 (பஸ் மாஸ்டர்) மட்டும் இறங்கியிருந்தது. டிரைவர் அழைக்கும் பிசிஐ_எனேபிள்_டிவைஸ் ஃபங்ஷன் ஐஓவையும் மெமரியையும்தான் திறந்துவிடும், பஸ் மாஸ்டரைத் தொடாது. பழைய போர்டில் ஃபர்ம்வேரே அந்த பிட்டை ஏற்றி வைத்திருந்ததால் இத்தனை நாள் வண்டி ஓடியிருக்கிறது.

சரி, கார்டைக் கண்டதும் கெர்னல் ஓட்டும் புரோப் ஃபங்ஷனில், கார்டை ரீசெட் செய்த பிறகு, அந்த பிட்டை ஏற்றும் பிசிஐ_செட்_மாஸ்டரை அழைத்தேன். அந்த வரிசை முக்கியம். பழைய ரிங் முகவரி கார்டில் மிச்சமிருந்து, ரீசெட்டுக்கு முன்பே பஸ்ஸைத் திறந்துவிட்டால், அது யாருடைய மெமரியிலோ போய் எழுதும். அந்தப் பிழையைத் தேடுவது பெரும்பாடு. அப்புறம், கணினி தூக்கத்திலிருந்து எழும்போது ஓடும் ரெஸ்யூமிலும் அதே அழைப்பைச் சேர்த்தேன். சஸ்பெண்டில் வரும் பிசிஐ_டிசேபிள்_டிவைஸ் அந்த பிட்டை இறக்கிவிடுகிறது.