கதவுக்கு மின் பூட்டு: வாங்கும் முன்பும், மக்கர் செய்யும்போதும்

மின் பூட்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு: கரண்ட் போனால் இந்தக் கதவு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே நிற்க வேண்டுமா?

கரண்ட் நின்றதும் விட்டுவிடுவது ஃபெயில் சேஃப், பூட்டியே நிற்பது ஃபெயில் செக்யூர். மேக்னெட்டிக் லாக் முதல் வகை. அது வெறும் மின்காந்தம்தான், கரண்ட் இல்லாவிட்டால் பிடிப்பே கிடையாது. எலெக்ட்ரிக் ஸ்டிரைக், அதாவது கதவுப் பூட்டின் நாக்கைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தால் விடுவிக்கும் பகுதி, இரண்டு வகையிலும் கிடைக்கும். அதைக் கதவின் நிலைச்சட்டத்தில் பதிப்பார்கள். கதவில் சாதாரண கைப்பிடிப் பூட்டு இருக்கும். உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகினால் போதும், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே வந்துவிடலாம். சர்வர் அறைக்கும் பண அறைக்கும் ஃபெயில் செக்யூர் ஸ்டிரைக்கைப் பரிந்துரைப்பது இதனால்தான்: வெளியாள் நுழைய முடியாது, உள்ளாள் சிக்கமாட்டார்.

தீத்தடுப்புக் கதவில் பலர் தவறுகிறார்கள். தீப்பிடித்தால் எல்லாம் திறக்க வேண்டும் என்று நினைத்து ஃபெயில் சேஃப் ஸ்டிரைக் போடுகிறார்கள். அந்தக் கதவின் வேலையே தீயின்போது மூடி, நாக்கு விழுந்த நிலையில் நிற்பது. பிடிப்பு விட்டுப்போனால் சூடான காற்றின் அழுத்தமே கதவைத் தள்ளித் திறந்துவிடும். அங்கே தீத்தடுப்புச் சான்று பெற்ற ஃபெயில் செக்யூர் ஸ்டிரைக்தான் சரி. சான்றில் இல்லாத துளையை அந்தக் கதவில் போடாதீர்கள்.

கண்ணாடிக் கதவுக்குக் கடைக்காரர்கள் எடுத்துத் தரும் டிராப் போல்ட்டை (தண்டு கீழே இறங்கிக் கதவைப் பூட்டும் வகை) ஆட்கள் கூட்டமாக வெளியேறும் வழியில் போடவே கூடாது. பத்துப் பேர் கதவில் சாய்ந்தால் பக்கவாட்டு அழுத்தத்தில் தண்டு இறுகி, கரண்ட்டைத் துண்டித்தாலும் மேலே ஏறாது.

உள் அறைகளுக்கு 600 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 270 கிலோ பிடிக்கும் மேக்னெட்டிக் லாக் போதும். தெருவைப் பார்த்த கதவுக்கு 1200 பவுண்டு போடலாம். வெளியே திறக்கும் கதவுக்குப் பூட்டை நேராகப் பொருத்தலாம். உள்ளே திறப்பதற்கு எல், இசட் பிராக்கெட்டுகளும் கண்ணாடிக்கு யூ பிராக்கெட்டும் சேர்த்து வாங்குங்கள்.

தீ அலாரம் இணைப்பு

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்கிறது. மேக்னெட்டிக் லாக் போட்ட கதவில் அதை வயரிங்தான் காப்பாற்ற வேண்டும். அலாரம் பேனலின் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்.சி. முனை (சாதாரணமாக இணைந்திருந்து, அலாரம் அடித்ததும் துண்டிக்கும் முனை) வழியாகப் பூட்டின் பாசிட்டிவ் வயரைக் கொண்டுபோங்கள். பச்சை நிற அவசர பிரேக் கிளாஸையும் (அழுத்தினால் கரண்ட்டைத் துண்டிக்கும் பெட்டி) அதே வயரில் தொடராக வையுங்கள். கார்டைச் சரிபார்த்துப் பூட்டை இயக்கும் கண்ட்ரோலருக்குத் தகவல் மட்டும் சொல்லும் பட்டன் போதாது. கண்ட்ரோலர் உறைந்துபோனால் பட்டனும் செத்துவிடும்.

அடிக்கடி கண்ணில் படும் ஆபத்தான தவறு: பவர் சப்ளைக்கு வரும் 230 வோல்ட்டை அலாரம் ரிலேயால் துண்டிப்பது. உள்ளே 7 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இருக்கிறது. மெயின் போனதும் அது பூட்டைத் தாங்கிக்கொள்ளும். அலாரம் அலறும், கதவு திறக்காது. துண்டிப்பு பேட்டரிக்குப் பிறகு, பூட்டுக்கு முன்பு இருக்க வேண்டும்.

பிடிப்பு குறைந்தால்

பூட்டைக் கழற்றி மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கதவு பூட்டியிருக்கும்போதே, பூட்டின் முனையிலேயே வோல்ட்டேஜ் பாருங்கள். பவர் சப்ளையில் 12 இருக்கிறது என்பது எதையும் சொல்லாது. 0.5 ச.மி.மீ. செம்பு வயர் 40 மீட்டர் ஓடினால், போக வர 80 மீட்டர், சுமார் 3 ஓம் தடை. பூட்டு அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். வயரை 1.5 ச.மி.மீ. ஆக்குங்கள், இல்லாவிட்டால் 24 வோல்ட்டுக்கு மாறுங்கள்: கரண்ட் பாதியாகும், இழப்பும் பாதியாகும். மாறும்போது பூட்டுக்குள் வோல்ட்டேஜைத் தேர்வு செய்யும் சிறு இணைப்பான ஜம்பரையும் மாற்ற வேண்டும். 12-இல் வைத்துவிட்டு 24 கொடுத்தால் காயில் (கம்பிச்சுருள்) கருகும். 24-இல் வைத்துவிட்டு 12 கொடுத்தால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

வோல்ட்டேஜ் சரியென்றால் ஆர்மேச்சர் தகட்டை, அதாவது கதவில் பொருத்தி காந்தம் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தகட்டைப் பாருங்கள். அதை இறுக்கி முறுக்கியிருப்பார்கள், அதுதான் தப்பு. நடு போல்ட்டில் ரப்பர் வாஷர் இருப்பதே தகடு கொஞ்சம் ஆடி, பூட்டின் முகத்தோடு முழுதாக ஒட்டிக்கொள்வதற்காகத்தான். கையால் அசைத்தால் சற்று அசைய வேண்டும். பூட்டிய நிலையில் விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் அந்த இடைவெளியில்தான் உங்கள் 270 கிலோ காணாமல் போகிறது. துரு, பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் இடைவெளிதான். கடலோர ஊர்களில் மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். அரம் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம்.

உடனே விடாவிட்டால்

பூட்டின் வயரைக் கழற்றிப் பாருங்கள். சட்டென விட்டால் கோளாறு ரிலேயிலோ வயரிங்கிலோ. அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தால் தகட்டில் எஞ்சிய காந்தம், தகட்டை மாற்றுங்கள். ஓரிரு நொடி தாமதமாக விடுகிறதென்றால், யாரோ பூட்டின் குறுக்கே டையோடு போட்டிருக்கலாம். ஸ்டிரைக்குக்கு 1என்4007 டையோடு அவசியம், கோடுள்ள முனை பாசிட்டிவில். இல்லாவிட்டால் காயிலின் எதிர் மின்வீச்சு கண்ட்ரோலரை ரீஸ்டார்ட் செய்யும், ரிலே முனையையும் தின்றுவிடும். பெரும்பாலான மேக்னெட்டிக் லாக்குகளுக்குள் இதற்கென்று பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேலும் டையோடு போட்டால் காந்தம் மெதுவாகத்தான் சாகும்.

ஸ்டிரைக் "டக்" என்கிறது, கதவு திறக்கவில்லையா? கார்டைக் காட்டிக்கொண்டே கதவை மூடும் பக்கமாக ஒரு தள்ளு தள்ளுங்கள். திறந்தால் ஸ்டிரைக்கில் கோளாறு இல்லை; ஏசி காற்றோ விறைத்த ரப்பர் பட்டையோ கதவை நெருக்கி, நாக்கு ஸ்டிரைக்கை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஸ்டிரைக்கை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.