பல்லுறுப்புக் கோவை: அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ் இருந்தால்

ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, மூன்று ராத்திரி நானே மாட்டிக்கொண்டு, ஒருவழியாக வெளியே வந்த கதை இது. நான் கணக்கு வாத்தியார் இல்லை. மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன மாற்றம். மாறிக்கு, அதாவது மதிப்பு தெரியாத எண்ணுக்கு, புத்தகத்தில் எக்ஸ் போடுகிறார்கள். 1637இல் டேக்கார்ட் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆரம்பித்து வைத்த பழக்கம். என் கையெழுத்தில் எக்ஸும் பெருக்கல் குறியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், பாதித் தப்பு அதனாலேயே வந்தது. அதனால் இங்கே மாறிக்கு 'ம'. 'க' போடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் பழைய தமிழ் எண்களில் அது ஒன்று, எதற்கு வம்பு.

வேண்டியது கட்டம் போட்ட நோட்டும் ஒரு பேனாவும். சென்னைப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு பக்கம் போனால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். பென்சில், ரப்பர் வேண்டாம். ராமானுஜன் நம்ம ஊர்த் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார் என்று படித்திருப்பீர்கள். அவருக்குச் சரி. நமக்குத் தப்பான வரி கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கே சறுக்கினோம் என்றே தெரியாது. போட்டோ எடுத்தால் விடை சொல்லும் ஆப்களும் அதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

படி 1: ஆளை அடையாளம் காணுதல்

345 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து ஒன்று. பத்து இருக்கும் இடத்தில் 'ம' வைத்தால் 3ம² + 4ம + 5. அவ்வளவுதான் பல்லுறுப்புக் கோவை. ம-வுக்கு முன்னால் நிற்கும் 3, 4 இரண்டும் கெழுக்கள், ம இல்லாமல் தனியாக நிற்கும் 5 மாறிலி, பெரிய அடுக்கு 2 என்பதால் இந்தக் கோவையின் 'படி' (degree) 2. நூறோடு நூறையும் பத்தோடு பத்தையும் கூட்டுவது போல ம²-ஐ ம²-ஓடு மட்டும்தான் கூட்ட வேண்டும்.

அடுக்கு 0, 1, 2, 3 என்று முழு எண்ணாகவே இருக்க வேண்டும். ம கீழே போய் 1/ம என்று வந்தாலோ, வர்க்கமூலத்துக்குள் புகுந்து √ம ஆனாலோ அது பல்லுறுப்புக் கோவை இல்லை. ஆனால் √2 ம? அது சரி, மூலத்துக்குள் இருப்பது வெறும் எண்தானே. என் மகள் இதில் ஒரு மார்க் விட்டாள்.

படி 2: கழித்தல் (நான் விழுந்த இடம்)

கூட்டலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கழித்தலுக்கு வருவோம்.

(5ம² − 3ம + 2) − (2ம² − 4ம + 7)

எனக்கு வந்த விடை 3ம² − 7ம + 9. புத்தகத்தின் பின்பக்கத்தில் 3ம² + ம − 5. அச்சுப்பிழை என்று மகளிடம் அடித்துச் சொன்னேன். அவள் மறுநாள் வகுப்பில் கேட்டுவிட்டு வந்து, "எல்லாருக்கும் புத்தகத்து விடைதாம்ப்பா வந்திருக்கு" என்றாள்.

இரண்டாவது அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் மைனஸ் 2ம²-ஐ மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடும் என்று நினைத்திருக்கிறேன். அது உள்ளே இருக்கும் எல்லாரையும் மாற்றும். இதை மண்டையில் ஏற்றியது மளிகைக் கடை பில்தான். 200 ரூபாய்க்குச் சாமான், 40 ரூபாய் தள்ளுபடி, நீங்கள் நீட்டியது 500 ரூபாய் நோட்டு. மீதி 500 − (200 − 40), அதாவது 340. என் வழியில் போட்டால் 500 − 200 − 40, மீதி 260. கடைக்காரர் 260 கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவோமா? தள்ளுபடி நம் பக்கம் ப்ளஸ்ஸாகத் திரும்ப வேண்டும்.

இப்போது நான் செய்வது: இரண்டாவது கோவையை அப்படியே கழிக்காமல், புது வரியில் எல்லாக் குறிகளையும் திருப்பி எழுதிவிடுவேன். −2ம² + 4ம − 7. அதற்கு மேல் வரியில் 5ம² − 3ம + 2. பிறகு வெறும் கூட்டல்.

படி 3: சரிபார்த்தல்

ம இருக்கும் இடத்தில் எல்லாம் 1 போடுங்கள். கேள்வியில் 4 − 5 = −1. சரியான விடையில் 3 + 1 − 5 = −1. என் பழைய விடையில் 5. பத்து விநாடி வேலை, அன்றே செய்திருந்தால் மானம் போயிருக்காது.

திருத்தம்: 1 போடாதீர்கள். இதைப் படித்த ஒருவர் 3ம² × 2ம = 6ம² என்று தப்பாகப் போட்டு, 1 வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறதே என்று கேட்டிருந்தார். 1-க்கு எத்தனை அடுக்கு போட்டாலும் 1தான், அதனால் 6ம³ என்ற சரியான விடைக்கும் அதே 6 வந்துவிட்டது. சரி, 2 போடுங்கள் என்று மாற்றினேன். அப்புறம் இன்னொருவர் ம × ம = 2ம என்று எழுதிவிட்டு வந்தார். 2 வைத்தால் ம²-உம் 4, 2ம-உம் 4! ஆக இப்போதைக்கு 3. இரண்டு பக்கமும் வேறு வேறு எண் வந்தால் எங்கேயோ தப்பு நிச்சயம். ஒரே எண் வந்தால் அநேகமாகச் சரி, அவ்வளவுதான்.

படி 4: பெருக்கலும் பூச்சியமும்

பெருக்கலுக்கு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். (ம + 60)(ம − 40) என்றால் மேலே ம, −40. பக்கத்தில் ம, 60. கட்டங்களில் ம², −40ம, 60ம, −2400. கூட்டினால் ம² + 20ம − 2400.

இந்த எண்களைச் சும்மா எடுக்கவில்லை. சென்னையில் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. நீளம் அகலத்தைவிட 20 அடி அதிகமாக இருந்தால், அகலத்தை ம என்று வைத்தால் ம(ம + 20) = 2400, அதாவது ம² + 20ம − 2400 = 0. மேலே பெருக்கியதைத் திருப்பிப் படித்தால் இது (ம + 60)(ம − 40). இரண்டில் ஒன்று பூச்சியமானால்தான் கோவை பூச்சியமாகும், அதற்கு ம 40 ஆகவோ −60 ஆகவோ இருக்க வேண்டும். மைனஸ் அறுபது அடி அகலத்தில் மனை விற்பவர் இன்னும் வரவில்லை. ஆகவே 40க்கு 60.

காரணி, அதாவது பெருக்கினால் கோவை வரும் அந்த இரண்டு அடைப்புக்குறி, கண்ணில் படவில்லையா? 20-இல் பாதி 10, அதன் வர்க்கம் 100. ம² + 20ம = 2400 என்று எழுதி இரு பக்கமும் 100 கூட்டினால் இடது பக்கம் (ம + 10)², வலது பக்கம் 2500. வர்க்கமூலம் எடுத்தால் ம + 10 = 50. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் ஒரு வர்க்கமும் பத்து மூலமும் சேர்ந்தால் 39 (நம் பாஷையில் ம² + 10ம = 39) என்ற கணக்கை இப்படித்தான், சதுரம் வரைந்து தீர்த்தார். 10-இல் பாதி 5, அதன் வர்க்கம் 25-ஐக் கூட்டினால் 64, விடை 3. நோட்டில் வரைந்து பாருங்கள், ஒரு சதுரமும், அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் 5 அகலத்தில் ஒவ்வொரு பட்டையும் போக மூலையில் விடுபடும் கட்டம்தான் அந்த 25.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது: பரீட்சையில் 'ம' எழுதலாமா? வேண்டாம், புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள். எக்ஸை இரண்டு அரைவட்டம் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல வளைத்துப் போட்டு, பெருக்கலுக்குக் குறி போடாமல் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள்.