டக்டட் ஃபேன் ஜெட்: மோட்டாரை மாற்றுவதற்கு முன் காற்றுப் பாதையைத் திருத்துங்கள்

குழாய்க்குள் சுழலும் மின்விசிறியால் (டக்டட் ஃபேன்) பறக்கும் மாதிரி ஜெட்டின் வேகம் போதவில்லை என்றதும் பெரிய மோட்டார் வாங்கத்தான் பலருக்கும் கை பரபரக்கும். தரையில் தராசு வைத்து அளக்கும் உந்துவிசை கூடினால் வேகமும் கூடிவிடும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். அது பாதிதான் சரி. விமானத்தின் வேகம் வால்வாயிலிருந்து (காற்று வெளியேறும் பின்பக்கத் திறப்பு) பீறிடும் காற்றின் வேகத்தை நெருங்க நெருங்க, நிகர உந்துவிசை சுழியை நோக்கிச் சரிந்துவிடும்.

70 மி.மீ. விட்டமும் நடுவில் 30 மி.மீ. குமிழும் உள்ள ஃபேனின் வீச்சுப் பரப்பு ஏறத்தாழ 31.4 சதுர செ.மீ. வால்வாயும் அதே பரப்பில் இருந்து, தரையில் 15 நியூட்டன் உந்துவிசை கிடைத்தால், காற்று மணிக்குச் சுமார் 227 கி.மீ. வேகத்தில் வெளியேறும். வால்வாயை வீச்சுப் பரப்பின் 85 விழுக்காடாகக் குறுக்கியபின் உந்துவிசை 14 நியூட்டனாக இறங்கினாலும், காற்றின் வேகம் 238 கி.மீ. ஆக உயர்கிறது. தராசு நட்டம் காட்டும் அதே மாற்றம் வானில் லாபமாக முடிவது இப்படித்தான்.

ஆகவே, மெல்லிய ஓ.எச்.பி. தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) கூம்பாகச் சுருட்டி, ஒட்டு நாடாவை வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டி, வால்வாய் வீச்சுப் பரப்பின் 80 விழுக்காடாக இருக்கும்படி முதலில் பொருத்துங்கள். பிறகு குறுகிய முனையிலிருந்து சில மில்லிமீட்டர்களாக நறுக்கி, ஒவ்வொரு முறையும் பறக்கவிட்டுப் பாருங்கள். கூம்புக்குள் ஒயர்கள் தொங்கினால் இந்த உழைப்பு வீண்.

நுழைவாயின் விளிம்பு கூராக இருந்தால் காற்று அங்கேயே பிரிந்து சுழலும் என்பதால், அதை உருட்டி மழுங்க வையுங்கள். உடலின் அடியில் வெட்டப்படும் கூடுதல் காற்றுத் துளைகள் ஓடுபாதையில் உதவினாலும், வேகத்தில் இழுவையைக் கூட்டும். கையால் எறிந்து பறக்கவிடுபவர் அவற்றை மூடிவிடலாம். ரோட்டரை (ஃபேனின் சுழலும் பகுதி) சமநிலைப்படுத்துங்கள், ஃபேன் இறக்கையின் நுனி உறையில் உரசாத அளவுக்கு மட்டும் இடைவெளி போதும்.

இவ்வளவும் முடிந்தபின் மின்திறனைத் தொடுங்கள். சுழற்சியை 10 விழுக்காடு கூட்டினால் உந்துவிசை ஏறத்தாழ 21 விழுக்காடு கூடும், ஆனால் அதற்கு 33 விழுக்காடு கூடுதல் திறன் தேவைப்படும். பேட்டரியில் செல்லைக் கூட்டும்போது அதற்கேற்றபடி மோட்டாரின் கே.வி.யை (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற அளவு) குறைக்காவிட்டால் வேகக் கட்டுப்படுத்தி கருகிவிடக்கூடும். எனவே ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்த பிறகே பறக்கவிடுங்கள். விமானத்தைக் கட்டிவைத்துச் சோதிக்கும்போது ஃபேனின் சுழற்சித் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. ஒயரை நீட்டியே ஆகவேண்டுமென்றால் பேட்டரிப் பக்கத்தில் நீட்டாமல், மோட்டாருக்குப் போகும் 3 ஒயர்களை நீட்டுவது பாதுகாப்பானது.

வேகத்தை ஜி.பி.எஸ். பதிவியால் அளக்கும்போது, காற்றை எதிர்த்தும் காற்றோடும் ஒரே உயரத்தில் மட்டமாகப் பறக்கவிட்டு, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்ந்திறங்கும்போது கிடைத்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.